மூன்றாவது வெர்ஷன்

“அது பழசு அக்கா. மூணாவது வெர்ஷன். நாம இப்ப எட்டுக்கு வந்துட்டோம், அதனாலதான்...”

“நாமன்னா யாரு தம்பி? நான் மூணுலதான் இருந்தேன்.”

“எட்டுக்கு அதே ஸ்பிரிங்தான் தேவைப்பட்டுச்சு, வேற ஸ்பிரிங் ஸ்டாக்குல...”

“ஸ்பிரிங் தொளதொளன்னு இருக்கு, இறுக்கிக் குடுங்கன்னுதானே திங்கக்கிழமை குடுத்துட்டுப் போனேன். பிரிச்சுப் போடுங்கன்னு சொன்னேனா?”

ஒருவர் பேச்சின் மேல் ஒருவர் ஏறிப் பேசியதில், மாணவர்கள் புதுச் சாமான்களைச் செய்து பார்க்கிற பல்கலைக்கழக மேக்கர்ஸ்பேஸில், மற்ற மேசைகளில் குனிந்திருந்த பிள்ளைகள் எல்லாரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். சுவரோரம் வரிசையாக நின்ற 3D பிரிண்டர்கள் மட்டும் யார் சண்டையையும் சட்டை செய்யாமல் பிளாஸ்டிக் இழையை உருக்கி உருக்கிப் போட்டுக்கொண்டிருந்தன.

மேசைமேல் ஒரு தட்டில் அவளுடைய கை கிடந்தது. ஒரு மூடியில் எட்டு திருகாணி, இன்னொன்றில் மிஞ்சிய இரண்டு ஸ்பிரிங், இரண்டாகப் பிளந்த வெள்ளை ஓடு. ஓட்டை யாரோ பாதிக்கு மேல் அறுத்து எடுத்திருந்தார்கள். விரல் நுனிகளைக் காணவே இல்லை.

சட்டைத் தொழிற்சாலையில் அவளைக் காலர் என்று கூப்பிடுவார்கள். அந்த லைனில் பெற்றவர் வைத்த பெயர் யாருக்கும் நிலைத்ததில்லை. தைக்கிற துண்டுதான் பெயர். பாக்கெட் ஒருத்தி, கஃப் ஒருத்தி. இவள் பதினாறு வருடமாகக் காலர். ஏழு மாதத்துக்கு முன்னால் காலரை அழுத்துகிற மெஷின் இடது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் பாதியோடு வாங்கிக்கொண்டது. கை உள்ளே போகாமல் தடுக்கிற தட்டைக் கழற்றிவிட்டால் மணிக்கு முப்பது காலர் கூடுதலாக வரும் என்று கழற்றியது யார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியவில்லை. விரல் போனது மட்டும் எல்லாருக்கும் தெரிந்தது.

அன்றிலிருந்து அவளுக்கு லைனின் கோடியில் நூல் வெட்டும் மேசை. நேற்றுச் சேர்ந்த பிள்ளைகளோடு ஒரு ஸ்டூல், ஒரு கத்தரிக்கோல். நாளைக் காலை எட்டு மணிக்கு லைன் மேடம் அவளைப் பழைய தையல் மெஷினில் உட்கார வைத்துப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தாள். ஒரு மணி நேரத்தில் நாற்பது காலர், பத்துக்கு ஒன்றுக்கு மேல் முனை கோணக் கூடாது. தேறினால் மெஷின் அவளுக்கு. தேறாவிட்டால் போன வாரத்திலிருந்து அந்த மெஷினில் பழகுகிற புதுப்பெண்ணுக்கு. அந்தப் பெண்ணையும் இப்போதே சிலர் காலர் என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். அதைக் கேட்ட நாளிலிருந்து இவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கூட வந்திருந்தவள் கணவனின் தங்கை. வீட்டில் இருவரும் எலியும் பூனையும். இந்தப் பிள்ளைகள் ஒரு மாதத்துக்கு முன்னால் செய்து கொடுத்த பிளாஸ்டிக் கையை, அந்த மூன்றாவது வெர்ஷனை முதல்முறை பார்த்தபோது, இது கையா, அடுப்பில் இருந்து பாத்திரம் இறக்குகிற இடுக்கியா என்று கேட்டவள் இந்த நாத்தனார்தான். ஆனால் அண்ணியை நான் பேசலாம், வெளியாள் பேசக் கூடாது என்பது அவள் சட்டம். தட்டில் கிடந்ததைக் கிட்டப் போய்ப் பார்த்தாள்.

“குரங்கு கையில பூமாலையக் குடுத்தாகூட நார் மிஞ்சும். இங்க அதுவும் இல்ல அண்ணி.”

காலருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தவன்தான் பிள்ளைகளின் தலைவன். அவனைக் கூட இருந்தவர்கள் கேப்டன் என்றார்கள். பொல்லாதவன் இல்லை. மரியாதையாகத்தான் விளக்கினான். இந்தக் கூடத்தில் முப்பது குழு வேலை செய்கிறது, திருகாணிக்கும் ஸ்பிரிங்குக்கும் எப்போதும் தட்டுப்பாடு. அதனால் இங்கே ஒரு வழக்கம்: புது வெர்ஷன் எழுந்து நின்றதும் பழசைப் பிரித்துச் சாமான்களை டப்பாவில் போட்டுவிட வேண்டும். பிரிக்கும்போது வாசலில் தொங்குகிற மணியை அடிப்பார்கள், எல்லாரும் கைதட்டுவார்கள். பழசைக் கட்டிக்கொண்டு அழுகிறவன் புதுசு செய்ய மாட்டான் என்று முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்களாம். அவள் நம்பவில்லையோ என்று நினைத்து, செல்போனை எடுத்துத் திங்கள்கிழமை பிடித்த வீடியோவையும் காட்டினான்.

அதில் அவளுடைய கை ஒரு வைஸின் இரும்புத் தாடைகளுக்கு நடுவில் சிக்கியிருந்தது. மணி அடித்தது. ஏழெட்டுப் பேர் கைதட்ட, ஒரு ரம்பம் உள்ளே போனது. யாரோ சிரித்தார்கள்.

காலர் அதை முழுக்கப் பார்த்தாள். ஏழு மாதத்துக்கு முன்னால் கைதட்ட ஆளில்லை, அவ்வளவுதான் வித்தியாசம் என்று தோன்றியது. செல்போனைத் திருப்பிக் கொடுத்து, சரி, எட்டைக் காட்டு என்றாள்.

எட்டு அழகாகத்தான் இருந்தது. வெள்ளி மினுமினுப்பு, உள்ளே மோட்டார், முழங்கை வரை ஓடுகிற ஒயர். மாட்டினார்கள். அவள் தசையை அசைத்தால் அரைக் கணம் யோசித்துவிட்டு ஙொய் என்று மூடியது. ஒரு பந்தைப் பிடித்தது, கேப்டன் முகம் மலர்ந்தது. ஒரு கண்ணாடித் தம்ளரைப் பிடித்தது, இன்னும் மலர்ந்தது. நாளைப் பதினொரு மணிக்கு இங்கேயே கண்காட்சி, வெளியிலிருந்து பெரிய ஆட்கள் வருகிறார்கள், அக்கா தம்ளரை எடுத்துக் காட்டினால் போதும் என்றான்.

“தம்ளர் எடுக்க எனக்கு வலது கை இருக்கு தம்பி.”

மூலையில் தூசி படிந்த உறைக்குள் ஒரு தையல் மெஷின் இருந்ததை அவள் வந்தவுடனே பார்த்துவிட்டாள். பிறந்த வீட்டு ஆளைப் பார்த்தது மாதிரி கண் அங்கேயே போய்க்கொண்டிருந்தது. உறையை நீக்கி, ஊசியைத் தடவிப் பார்த்து, நூல் கோத்து உட்கார்ந்தாள். நாத்தனார் பையிலிருந்து துணித்துண்டுகளை எடுத்து வைத்தாள். காலர் தைப்பதில் சூட்சுமம் முனையில் இருக்கிறது. ஊசியைத் துணியிலேயே இறக்கி நிறுத்தி, துணியை அழுத்துகிற மெஷின் பாதத்தைத் தூக்கி, துணியைத் திருப்ப வேண்டும். திருப்புகிற அந்த நொடியில் இரண்டு மடிப்பும் ஒன்றின்மேல் ஒன்று நழுவாமல் அழுத்திப் பிடிப்பது இடது கையின் அந்த இரண்டு விரல்தான். எட்டாவது வெர்ஷன் யோசித்து முடிப்பதற்குள் துணி ஓடிவிட்டது. முனை நாய் கடித்த செருப்பு மாதிரி வந்தது. ஐந்து தைத்தாள், ஐந்தும் அப்படியே.

“கல்யாணத்துக்குப் போட்டுக்கிட்டுப் போகலாம் அண்ணி, பளபளன்னு இருக்கு,” என்றாள் நாத்தனார்.

கேப்டன் தளரவில்லை. மூன்றின் ஃபைல் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கிறது, நாற்பது நிமிடத்தில் அச்சு அசலாக இன்னொன்று பிரிண்ட் ஆகிவிடும், இதற்குப் போய் இவ்வளவு கோபமா என்றான். கோபம் வேறு படக் கூடாதா என்று காலருக்கு வந்தது; காரியம் ஆக வேண்டியிருந்ததால் விழுங்கிக்கொண்டாள். நாற்பது நிமிடம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடிக் கூண்டுக்குள் தன் விரல் மயிரிழை மயிரிழையாக முளைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணி நாலரை. ஆறு மணிக்குக் கூடத்தைப் பூட்டுவார்கள்.

வந்தது. மாட்டினார்கள். தைத்தாள். முனை கோணியது. மறுபடி தைத்தாள். மறுபடி கோணியது.

இதையெல்லாம் கம்ப்யூட்டரில் வரைந்த பெண்ணுக்குச் சுருட்டை என்று பெயர், தலைமுடியைப் பார்த்தாலே தெரியும். அதுவரை வாயே திறக்காதவள், ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை, அதே ஃபைல், அதே பிளாஸ்டிக் என்று மெதுவாகச் சொன்னாள்.

“நீ எனக்குக் குடுத்த அன்னிக்கு இருந்த மாதிரியே இருக்கும்மா. நான் உன்கிட்டத் திருப்பிக் குடுத்த மாதிரி இல்ல.”

சுருட்டைக்குப் புரியவில்லை. காலர் மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னாள். அவர்கள் கொடுத்த முதல் வாரம் பட்டை மணிக்கட்டை அறுத்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வீட்டுக்காரரின் பழைய அரைக்கால் சட்டையிலிருந்து எலாஸ்டிக்கை உருவித் தைத்துக்கொண்டாள். இரண்டாவது வாரம் நுனி வழுக்கியது. பாத்திரம் தேய்க்கிற ரப்பர் கையுறையில் இரண்டு விரலை வெட்டி, சொரசொரப்பு வெளியே வருகிற மாதிரி ஒட்டினாள். அப்புறம் நடுவிரலை மெழுகுவர்த்தியில் காட்டி உள்ளே கொஞ்சம் வளைத்தாள். கடைசியில் அடிப்பக்கத்தைச் சிமெண்டுத் தரையில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துச் சரிவாக்கினாள். ஒரு மாதம். பக்கத்து வீட்டு மெஷினில் உட்கார்ந்து, தைத்துத் தைத்துப் பார்த்து. போன ஞாயிற்றுக்கிழமை நாற்பதில் முப்பத்தெட்டு முனை சரியாக வந்தது. ஸ்பிரிங் மட்டும்தான் பாக்கி.

இதை ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று கேப்டன் கேட்டான்.

“நீங்க எங்கப்பா கேட்டீங்க? ஒண்ணுலேர்ந்து அஞ்சுக்குள்ள எவ்வளவு வசதியா இருக்குன்னு டிக் பண்ணச் சொன்னீங்க. நாலுல டிக் பண்ணேன்.”

சுருட்டையின் முகம் மாறிப்போனது. எழுந்து போய்க் குழுவின் நோட்டை எடுத்து வந்தாள். ஒரு பக்கத்தைப் புரட்டி, படிக்கலாமா வேண்டாமா என்று நின்றாள். நாத்தனார் எட்டிப் பார்த்துச் சத்தமாகப் படித்துவிட்டாள். மூன்றாவது வெர்ஷன், நான்கு வாரப் பயன்பாட்டுக்குப் பின் சேதம். நுனி அடிப்புறத் தேய்மானம் இரண்டு மில்லிமீட்டர். நடுவிரலில் உருக்குலைவு, ஏழு டிகிரி உள்வளைவு. அழுக்கு ரப்பர் ஒட்டியிருந்தது, சுரண்டி நீக்கப்பட்டது. முடிவு: பிளாஸ்டிக் பலவீனமானது, அடுத்த வெர்ஷனுக்கு உலோகப் பூச்சு.

காலர் நோட்டைத் தன் பக்கம் திருப்பி, அந்த வரியின்மேல் வலது கை விரலை வைத்தாள்.

“தேய்மானம் இல்லம்மா அது. நான் தேய்ச்சது.”

கேப்டன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தான். கோபம் வருவதற்குக்கூடத் தெம்பு வேண்டும். ஒரு மாத வேலையைச் சேதம் என்று அளந்து எழுதி வைத்திருக்கிறார்களே, அதுவும் எவ்வளவு அழகான கையெழுத்தில் என்று நினைத்தாள் காலர். ஆனால் அளந்து வைத்திருக்கிறார்கள். அந்த எண்ணம் அவளுக்கும் சுருட்டைக்கும் ஒரே நேரத்தில் வந்தது. பெண் அதற்குள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு மில்லிமீட்டர், ஏழு டிகிரி. சரிவு எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டாள். கட்டைவிரல் பக்கம் என்றாள் காலர். நாத்தனாரிடம் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. கையுறை எந்த நிறத்தில் இருந்தாலும் பரவாயில்லையா என்று கேட்டுக்கொண்டே வாசலைத் தாண்டிவிட்டாள்.

ஐந்தே முக்காலுக்குப் பிரிண்ட் முடிந்தது. பட்டைக்குச் சுருட்டை தன் முடியில் போட்டிருந்த அகலமான எலாஸ்டிக் பேண்டைக் கழற்றிக் கொடுத்தாள், சுருள் முடி முகத்தில் விழுந்தது. மஞ்சள் கையுறையின் இரண்டு விரல்களை ஒட்டினார்கள். ஓரிடத்தில் இன்னும் கொஞ்சம் அராவ வேண்டும் என்று காலர் சொல்ல, கேப்டன் வைஸில் மாட்டி அரத்தை எடுத்தான். தட்டையாக அராவினான். சரிவாக, சரிவாக என்றாள். இன்னும் தட்டையாக அராவினான். அவள் அரத்தை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

அப்போதுதான் பிள்ளைகளின் இந்தத் திட்டத்தை நடத்துகிற பேராசிரியர் உள்ளே வந்தார். பயிற்சி வகுப்பு முடித்துச் சான்றிதழ் இல்லாதவர்கள் இங்கே எந்தக் கருவியையும் தொடக் கூடாது, பாதுகாப்பு விதி, தயவுசெய்து அரத்தைக் கீழே வையுங்கள் அம்மா என்றார். பதினாறு வருடம் மெஷினோடு வாழ்ந்து, பாதுகாப்புத் தட்டு இல்லாத மெஷினில் விரலைக் கொடுத்தவளுக்கு, ஒரு சாண் அரத்தைத் தொட விதி காட்டினார்கள். அவள் நாலு இழுப்பு இழுத்து முடித்துவிட்டுத்தான் கீழே வைத்தாள்.

மாட்டிக்கொண்டு மெஷினில் உட்கார்ந்தாள். ஊசியை இறக்கி நிறுத்தினாள், பாதத்தைத் தூக்கினாள், திருப்பினாள். மஞ்சள் விரல்கள் துணியைக் கவ்விக்கொண்டன. முனை கூராக வந்தது. பத்து தைத்தாள். நாத்தனார் ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்து மேசையில் இரண்டு குவியலாகப் போட்டாள். ஏழு நேர், மூன்று கோணல். முப்பத்தெட்டு வந்த கை இல்லை இது. ஆனால் அந்தக் கைக்குச் சொந்தம். இன்னும் கொஞ்சம் தரையில் தேய்க்க வேண்டும், எங்கே என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பேராசிரியர் சுருட்டையிடம் நடந்ததைக் கேட்டார். கேட்கக் கேட்க அவருடைய முகத்தில் வெளிச்சம் ஏறியது. இதுதான் உண்மையான ஆராய்ச்சி என்றார். பயன்படுத்துகிறவரே திருத்தியது, அதுவும் மெழுகுவர்த்தியில், இது அல்லவா கதை என்றார். கண்காட்சிக்கு அடித்து வைத்திருந்த பெரிய போஸ்டரை விரித்துக் காட்டினார். மேலே ஐந்து பெயர், அவருடையதும் சேர்த்து. நடுவில் அவளுடைய இடது கையின் படம், மணிக்கட்டோடு நின்றுவிட்டது. கீழே சின்ன எழுத்தில், பயனாளி, பெண், வயது நாற்பத்தொன்று. ஓரத்தில் ஒரு வரி சேர்த்துவிடலாம் என்றார். எட்டையும் இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். அதனால் இதை இன்று அலமாரியில் வைத்துவிட்டுப் போகட்டும், நாளை மதியம் கண்காட்சி முடிந்ததும் எடுத்துக்கொள்ளலாம்.

காலர் அவரைப் பார்த்தாள். நாளைக் காலை எட்டு மணிக்குத் தனக்கு லைனில் பரீட்சை என்று நிதானமாகச் சொன்னாள். ஓ, அப்படியா என்றார். அதற்கென்ன, தொழிற்சாலைக்கு ஒரு போன் போட்டு இரண்டு நாள் தள்ளி வைக்கச் சொல்கிறேன், பல்கலைக்கழகம் என்றால் மறுக்க மாட்டார்கள் என்றார். லைன் யாருக்காகவும் நிற்காது, நின்றால் அந்த இடத்தில் வேறு ஒருத்தி உட்கார்ந்திருப்பாள் என்று அவள் சொன்னது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. இங்கே செய்த சாமான் எதுவானாலும் திட்டம் முடியும் வரை பல்கலைக்கழகத்தின் உடைமை, வெளியே போவதற்கு ஒரு முறை இருக்கிறது, அவ்வளவுதான், நம்பிக்கை இல்லாமல் இல்லை என்று சிரித்துக்கொண்டே விளக்கினார்.

“அந்த ரப்பர் எங்க உடைமை சார், இப்பத்தான் கடையில வாங்கிட்டு வந்தேன்,” என்றாள் நாத்தனார். “எலாஸ்டிக் இந்தப் பொண்ணோடது. மிச்சம் இருக்கிற பிளாஸ்டிக்க வேணா உரிச்சு எடுத்துக்குங்க.”

கேப்டன் தரையைப் பார்த்தான். சுருட்டை முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டு, வேண்டுமானால் கண்காட்சிக்கு ராத்திரிக்குள் இன்னொன்று பிரிண்ட் செய்து வைக்கிறேன் சார், அக்கா இதை எடுத்துக்கொண்டு போகட்டும் என்றாள். பேராசிரியர் அவளை ஒரு பார்வை பார்த்தார். அசல் அசல்தான், நகல் நகல்தான் என்றார். திங்கள்கிழமை அது யாருக்கும் அசலாகத் தெரியவில்லை.

காலர் கையைக் கழற்றவில்லை. எலாஸ்டிக்கை இன்னொரு சுற்று இழுத்து மாட்டினாள். நேராக வந்த ஏழு காலரையும் மடித்துப் பையில் வைத்தாள், கோணிய மூன்றையும் வைத்தாள், எங்கே கோணியது என்று வீட்டில் பார்க்க வேண்டும். பையின் காதை நாத்தனார் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமும் பிடித்தார்கள். வாசலில் நின்ற பூட்டுகிற ஆள் சாவியைக் குலுக்கினார்.

பேராசிரியர் வழியை மறிக்கவில்லை, அவர் அப்படிப்பட்டவரும் இல்லை. பரவாயில்லை அம்மா, போட்டோ மட்டும் ஒன்று எடுத்துக்கொள்கிறோம், போஸ்டருக்கு என்றார். படம் வெளியிடச் சம்பந்தப்பட்டவரின் சம்மதம் இல்லாமல் நாங்கள் ஒரு அடிகூட எடுத்து வைக்க மாட்டோம், எங்கள் நெறி அப்படி என்று பெருமையோடு சொல்லி, அச்சடித்த தாளை நீட்டினார். மேலே கொட்டை எழுத்தில் சம்மதக் கடிதம் என்று இருந்தது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. பேனாவையும் மூடி கழற்றி நீட்டினார்.

அவள் தாளை வாங்கினாள். நின்றபடியே மேலிருந்து கீழ்வரை ஒரு வரி விடாமல் படித்தாள். பின்பக்கத்தைத் திருப்பி அங்கே ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாள். வெறுமையாக இருந்தது. மஞ்சள் விரல்களில் இடுக்கியபடி தாளை அவர் முன்னால் நீட்டினாள். தாள் நழுவவில்லை.

“படம் எடுக்க என் சம்மதம் வேணும்னு தாள் அடிச்சு வெச்சிருக்கீங்க சார். திங்கக்கிழமை என் கையை ரம்பத்தால அறுத்தீங்களே, அதுக்கு எந்தத் தாள்ல என்கிட்டக் கையெழுத்து வாங்குனீங்க?”